விளைபொருள் வாங்குபவர் கண்ணில் படுவது எப்படி? நேரடி விற்பனைக்கு இணைய வழிகாட்டி

மா அறுவடைக்கு வந்த பிறகு செல்போனை எடுத்து வீடியோ போடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். முதிர்ந்த காயைப் பறித்தால் பழுக்க ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துக்குள் வாங்குபவர் உங்களைத் தேடிக் கண்டுபிடித்து, நம்பி, பணம் அனுப்பி, பார்சலைப் பெற வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பழம் மண்டிக்குத்தான் போகும். அன்றைக்கு என்ன விலையோ அதுதான் கிடைக்கும்.

விவசாயி தன் விளைச்சலைத் தானே விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே வாங்குபவர் நேரில் வருகிறார், பொருளைத் தொட்டுப் பார்க்கிறார். இணையத்தில் அப்படி முடியாது. அவர் முதலில் கூகுளிலோ யூடியூபிலோ ஒரு சொல்லைப் போட்டுத் தேடுகிறார். அந்தத் தேடலில் நீங்கள் வர வேண்டும். அதற்கு ஏற்றபடி பெயர், ஊர், படம், எழுத்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வதைத்தான் எஸ்.இ.ஓ. என்று சொல்கிறார்கள். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பணமும் பெரிதாகத் தேவையில்லை.

இந்தக் கட்டுரையில் கிருஷ்ணகிரி, சேலம் பகுதி மா விவசாயியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மஞ்சள், மிளகாய், பாரம்பரிய நெல், நாட்டுச் சர்க்கரை விற்பவர்களுக்கும் இதே வழிதான்.

எந்தப் பொருளுக்கு இது ஒத்துவரும்?

எல்லா விளைபொருளையும் இணையத்தில் விற்க முடியாது. கிருஷ்ணகிரி பகுதியில் அதிகம் விளையும் பெங்களூரா ரக மாங்காயைப் பெரும்பாலும் கூழ் ஆலைகள்தான் வாங்குகின்றன. அதை டன் கணக்கில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் 5 கிலோ, 10 கிலோவாக விற்றுத் தீர்ப்பது நடக்காத காரியம். வீட்டில் சாப்பிட வாங்கும் இமாம்பசந்த், மல்கோவா, பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்ற ரகங்களுக்கு இது பொருந்தும்.

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்தப் பொருளை ஒரு குடும்பம் பெயர் சொல்லித் தேடி வாங்குமா?
2. இரண்டு மூன்று நாள் பார்சலில் போனாலும் தாங்குமா?
3. பார்சல் செலவு போக மண்டி விலையைவிட அதிகம் நிற்குமா?

மூன்றுக்கும் ஆம் என்றால் தொடங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் அரிசி, பயறு, மஞ்சள், மிளகாய் போன்று கெடாத பொருளில் கை பழகிக்கொள்வது நல்லது. மா விவசாயி முதல் வருடம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நேரடி விற்பனைக்கு ஒதுக்கினால் போதும்.

வாங்குபவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்?

இதுதான் அடிப்படை. நாம் நம் தோட்டத்தை ஒரு பெயரில் சொல்கிறோம், வாங்குபவர் வேறு சொல்லில் தேடுகிறார். சென்னையில் இருப்பவருக்கு உங்கள் தோட்டத்தின் பெயர் தெரியாது. அவர் "இமாம்பசந்த் மாம்பழம் எங்கே கிடைக்கும்", "கார்பைடு இல்லாத மாம்பழம்", "தோட்டத்திலிருந்து நேரடி மாம்பழம் சென்னை" என்றுதான் தேடுவார்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. யூடியூப் அல்லது கூகுள் தேடல் கட்டத்தில் உங்கள் ரகத்தின் பெயரைப் பாதி எழுதுங்கள். கீழே வரிசையாகச் சில வரிகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை மக்கள் உண்மையில் தேடும் வரிகள். அவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கத்தில் எந்த மாதத்தில் எந்த மாநிலத்தில் ஒரு சொல் அதிகம் தேடப்படுகிறது என்றும் பார்க்கலாம்.

பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவிலும் ஐந்து விவரங்கள் எழுத்தில் இருக்கட்டும்.

1. பொருளும் ரகமும் (இமாம்பசந்த் மாம்பழம்)
2. ஊர், வட்டம், மாவட்டம்
3. கிடைக்கும் காலம்
4. குறைந்தபட்ச அளவும் விலையும்
5. தொடர்பு எண்

இவை படத்துக்குள் மட்டும் இருந்தால் போதாது. படத்தின் மேல் அழகாக எழுதிய எழுத்தைவிட, கீழே தட்டச்சு செய்த எழுத்துதான் தேடலில் நம்பகமாகச் சிக்கும். தமிழ்நாட்டில் பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். அதனால் ரகத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை எழுதுங்கள். அதற்காக ஒரே சொல்லை இருபது தடவை அடுக்க வேண்டாம். அது வாசிப்பவருக்கும் எரிச்சல், தேடுபொறிகளும் அதை ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலை: கூகுள் மேப்பில் தோட்டத்தைப் பதிவு செய்யுங்கள்

வீடியோ எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இந்தச் சேவை இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் செல்போனிலேயே பதிவு செய்யலாம். தோட்டத்துக்கு வாங்குபவர் நேரில் வந்து வாங்கும் வசதி இருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் விற்பவருக்கு இது பொருந்தாது.

* பெயர்: உங்கள் தோட்டத்தின் உண்மையான பெயரை மட்டும் போடுங்கள். "நம்பர் 1 மலிவு விலை மாம்பழம் கிருஷ்ணகிரி சேலம் தர்மபுரி" என்று பெயரிலேயே விளம்பரத்தைத் திணிப்பது கூகுள் விதிக்கு எதிரானது. பதிவையே முடக்கிவிடுவார்கள்.
* வகை: பண்ணை, பழக்கடை என்று பட்டியலில் பொருத்தமானதைத் தேர்வு செய்யுங்கள்.
* சரிபார்ப்பு: இடம் உங்களுடையதுதானா என்று பார்க்க தொலைபேசி, தபால் அல்லது வீடியோ மூலம் சரிபார்ப்பார்கள். இதற்குச் சில நாட்கள் ஆகலாம். அதனால் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.
* படங்கள்: தோட்டத்து நுழைவாயில், வரும் பாதை, மரம், காய், எடை போடும் இடம். உங்கள் தோட்டத்தில் நீங்கள் எடுத்த படங்களாக இருக்கட்டும்.
* நேரம்: எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று சரியாகப் போடுங்கள். வந்தவர் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினால் அடுத்து வரமாட்டார்.

மேப் தேடலில் யார் முதலில் வருகிறார் என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடிய சொல்லுக்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவருக்கு எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம். முழு விவரம் கொடுத்தால் பொருத்தம் கூடும். உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதும் கருத்துகள் சேரச் சேர அறிமுகம் கூடும்.

பழம் நன்றாக இருந்தது என்று போனில் சொல்பவரிடம், "அதை மேப்பில் இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்தோ, சொந்தக்காரர்களை வைத்தோ பொய்க் கருத்து எழுதச் சொல்வது விதிமீறல். குறை சொல்லி ஒருவர் எழுதினால் அழிக்க ஓடாதீர்கள். என்ன நடந்தது, என்ன ஈடு செய்தீர்கள் என்று பணிவாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வாங்க வருபவர் குறையையும் படிப்பார், உங்கள் பதிலையும் படிப்பார்.

வாட்ஸ்அப் பிசினஸ்: விற்பனை நடக்கும் இடம்

தேடிக் கண்டுபிடித்தவர் அடுத்துச் செய்வது போன் அல்லது வாட்ஸ்அப். இதற்கென்று தனி எண் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் போடுங்கள். இதுவும் இலவசம். இதில் பொருட்களைப் படம், விலையுடன் அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதி உண்டு. அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைக்கலாம். நீங்கள் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது வரும் செய்திக்கு, "மாலை 6 மணிக்கு மேல் பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும்படி அமைக்கலாம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பலர் "அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். தோட்டத்தின் பெயர், எண், "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த பறிப்பு எப்போது என்று தெரிவிக்கிறோம்" என்ற ஒரு வரி. அச்சடிக்கச் சில பைசாதான். இணைய விளம்பரத்தைவிட இது நன்றாக வேலை செய்யும்.

தினமும் காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து எல்லாம் இந்த எண்ணிலிருந்து அனுப்பாதீர்கள். மக்கள் சலித்துப்போய் பிளாக் செய்துவிடுவார்கள். மாதம் இரண்டு செய்தி போதும், பறிப்பு நேரத்தில் வாரம் ஒன்று.

யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்: எதில் எதைப் போடுவது?

மூன்றிலும் இறங்கி மூன்றையும் பாதியில் விடுவதைவிட ஒன்றைத் தொடர்ந்து செய்யுங்கள்.

யூடியூப் வீடியோ நீண்ட காலம் தேடலில் நிற்கும். இந்த வருடம் போட்ட "இமாம்பசந்த் வீட்டில் பழுக்க வைப்பது எப்படி" என்ற வீடியோவை அடுத்த சித்திரையிலும் ஒருவர் தேடிப் பார்ப்பார். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வேகமாகப் பரவும், வேகமாக மறையும். ஃபேஸ்புக்கில் ஊர்க்காரர்கள், வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் குழுக்கள் உண்டு. சொந்த மண்ணின் பழம் வேண்டும் என்பவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

யூடியூபில் தலைப்பு முக்கியம். 100 எழுத்துக்குறி வரைதான் இடம், செல்போனில் முதல் பாதிதான் கண்ணில் படும். "அதிசயம்! கட்டாயம் பாருங்க!" என்ற தலைப்பால் பழம் விற்காது. "இமாம்பசந்த் மாம்பழம், கிருஷ்ணகிரி தோட்டத்திலிருந்து நேரடி விற்பனை" என்று போட்டால் தேடுபவருக்குக் கிடைக்கும். வீடியோவின் கீழே உள்ள விவரப் பகுதியில் முதல் இரண்டு வரியிலேயே ஊர், எண், பறிப்புக் காலம் இருக்கட்டும்.

என்ன எடுப்பது என்று தெரியாதவர்கள் வாங்குபவர் போனில் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ. காம்போடு பறித்து பால் வடிய விடுவது ஏன்? காய் முதிர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? வைக்கோலில் எத்தனை நாள் வைக்க வேண்டும்? கார்பைடு போட்ட பழத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். காலை வெயிலில் எடுங்கள், காற்று இரைச்சல் இல்லாமல் பக்கத்தில் நின்று பேசுங்கள், தோட்டத்து முகம் உங்கள் முகமாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. கிராமத்திலிருந்து உலகத்தின் கண்ணில் பட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர்கள் தொழில் வீடியோ. உங்கள் தொழில் மா. உங்களுக்கு 1 கோடி பேர் தேவையில்லை. வருடம்தோறும் திரும்ப வந்து 10 கிலோ வாங்கும் 100 குடும்பங்கள் இருந்தால் 1 டன் பழம் விற்றுவிடும். பத்தாயிரம் பேர் பார்த்த வீடியோவில் ஒரு ஆர்டர்கூட வராமல் போகலாம். முந்நூறு பேர் பார்த்ததில் பத்து ஆர்டர் வரலாம். லைக்கை எண்ணாமல் ஆர்டரை எண்ணுங்கள்.

மாதவாரியாக என்ன செய்வது?

* மார்கழி, தை: மேப் பதிவு, வாட்ஸ்அப் பிசினஸ், கேட்டலாக் தயார். பூ எடுத்திருப்பதை ஒரு வீடியோ.
* மாசி, பங்குனி: பிஞ்சு, காய் வளர்ச்சி, தோட்டப் பராமரிப்பு. பழைய வாடிக்கையாளர்களுக்கு "இந்த வருடம் காய்ப்பு இப்படி" என்று ஒரு செய்தி.
* பங்குனி கடைசி: முன்பதிவு. எத்தனை பெட்டி தர முடியும் என்று கணக்குப் பார்த்து அதற்கு மேல் வாங்காதீர்கள்.
* சித்திரை முதல் ஆனி வரை: ரகத்துக்கு ஏற்ப பறிப்பு, பார்சல். புதிதாக வீடியோ எடுக்க நேரம் இருக்காது. பெட்டி கட்டுவதை, வாங்கியவர் அனுப்பிய படத்தை அவர் அனுமதியோடு போடுங்கள்.
* ஆடிக்குப் பிறகு: யார் எவ்வளவு வாங்கினார், என்ன குறை சொன்னார் என்று நோட்டில் தொகுத்து வையுங்கள்.

காற்றிலோ மழையிலோ காய் உதிர்ந்து முன்பதிவைத் தர முடியாமல் போனால் உடனே சொல்லிப் பணத்தைத் திருப்புங்கள். மறைத்துத் தள்ளிப்போட்டால் அவர் போய்விடுவார், மேப்பில் எழுதியும் வைப்பார்.

கணக்குப் போட்டுவிட்டு விலை சொல்லுங்கள்

கீழே உள்ளது உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

தோட்டத்தில் வியாபாரி கிலோ 50 ரூபாய்க்குக் கேட்கிறார், பறிப்புச் செலவும் அவருடையது. நீங்கள் நேரடியாகக் கிலோ 100 ரூபாய் என்று 10 கிலோ பெட்டியை 1,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள்.

* அட்டைப்பெட்டி, வைக்கோல், டேப்: 70
* பறிப்பு, தரம் பிரிப்பு, கட்டும் கூலி: 50
* பார்சல் ஆபீஸ் வரை கொண்டுபோக: 20
* பார்சல் கட்டணம்: 200
* 20 பெட்டியில் 1 பெட்டி கெட்டுப் பணம் திருப்பினால், பெட்டிக்கு: 50

மொத்தச் செலவு 390 ரூபாய். கையில் நிற்பது 610, அதாவது கிலோவுக்கு 61 ரூபாய். வியாபாரி விலையைவிடக் கிலோவுக்கு 11 ரூபாய்தான் அதிகம். 100 ரூபாய் என்று கேட்டவுடன் இரட்டிப்பு லாபம் என்று நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. பார்சல் கட்டணத்தைத் தனியாக வாங்குவது, ஒரே நகரத்துக்கு மொத்தமாக அனுப்பி அங்கே ஒருவர் பிரித்துக் கொடுப்பது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்ந்து அனுப்புவது ஆகியவை செலவைக் குறைக்கும் வழிகள். அன்றாடச் சந்தை விலையை உழவன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சட்டங்கள்

* தான் விளைவித்த காய், கனியை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. அதை ஊறுகாய், கூழ், பொடி, எண்ணெய் என்று மாற்றி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.
* "இயற்கை விவசாயம் செய்கிறோம்" என்று உங்கள் முறையைச் சொல்வது வேறு, "ஆர்கானிக் சான்று பெற்றது" என்பது வேறு. பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. சான்று கையில் இல்லாமல் இரண்டாவதை எழுதாதீர்கள்.
* கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. "கார்பைடு இல்லை" என்று எழுதினால் அது ஒவ்வொரு பெட்டிக்கும் உண்மையாக இருக்க வேண்டும்.
* ஈரோடு மஞ்சள், ராமநாதபுரம் முண்டு மிளகாய் போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சின்னத்தைப் பயன்படுத்த, அனுமதி பெற்ற பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.
* "சர்க்கரை நோய் தீரும்", "புற்றுநோய் வராது" என்று எழுதவே வேண்டாம். நோய் தீர்ப்பதாகச் சொல்லி உணவுப்பொருள் விற்பது சட்டப்படி தவறு.

மோசடியில் சிக்காதீர்கள்

எண் பொதுவில் வந்துவிட்டால் நல்லவர்களோடு ஏமாற்றுக்காரர்களும் அழைப்பார்கள். "ராணுவ முகாமுக்கு 500 கிலோ வேண்டும், பணம் அனுப்ப இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பது பல இடங்களில் நடக்கும் ஏமாற்று. பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் நம்பர் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

"கூகுளில் உங்களை முதலிடத்தில் கொண்டு வருகிறோம், 10,000 ரூபாய் கட்டுங்கள்" என்றும் அழைப்பார்கள். மேப்பில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு மேப் தேடலில் முன்னால் நிறுத்தும் வழியும் இல்லை என்று கூகுளே சொல்கிறது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" மேப், யூடியூப், தெரிந்தவர் சொன்னது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பருவம் முடிந்ததும் எதில் அதிகக் கோடு விழுந்திருக்கிறதோ அதற்கு அடுத்த வருடம் நேரம் கொடுங்கள். ஒன்றும் விழாததை விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை வாங்கியவர்களைத் தனியாக எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடினால் உங்கள் வழி சரியான வழி.

இந்த வாரத்திலேயே தொடங்க நினைப்பவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். கூகுள் மேப்பில் தோட்டத்தின் பெயரைப் பதிவு செய்யுங்கள். விளைபொருளின் பெயரைப் பாதி தட்டிப் பார்த்து, மக்கள் தேடும் ஐந்து வரிகளை நோட்டில் எழுதுங்கள். பூ எடுப்பதற்கு முன் இது முடிந்திருந்தால், காய் முதிரும்போது வாங்க ஆள் இருப்பார்கள்.